புதிய வாலட்: முதல் பயனர்களின் நிஜப் பணத்தை வைத்துக் கற்பது சரியா?

நெய்தல்:
எங்கள் சிறு குழு உருவாக்கிய பிட்காயின் வாலட் செயலியை, அழைப்பு பெற்ற சிலருக்கு மட்டும் இப்போது திறந்துவிட்டிருக்கிறோம். பணத்தைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி பயனரின் கைபேசியை விட்டு வெளியே போகாது. சோதனை வலையமைப்பான சிக்நெட்டில் இயங்கியவரை யாரும் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நிஜ பிட்காயினுக்கு மாறியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. "அனுப்பிவிட்டேன், போய்ச் சேரவில்லை, பணம் எங்கே?" என்பதுதான் அதிகம். பரிவர்த்தனை ஏன் காத்திருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பது இப்போது திரையிலேயே தெரிகிறது. பரிவர்த்தனைக் கட்டணத்தை உயர்த்தி விரைவுபடுத்தும் பொத்தானும் பக்கத்தில் இருக்கிறது.

இன்னொன்றில்தான் உங்கள் கருத்து வேண்டும். கைபேசி தொலைந்தால் சாவியைத் திரும்ப உருவாக்க உதவும் 12 மீட்புச் சொற்களை எழுதிவைக்கும் திரை வந்ததும் பலர் செயலியை மூடிவிடுகிறார்கள். முதலில் பணம் பெற அனுமதித்துவிட்டு, பிறகு எழுதிவைக்கச் சொன்னால் என்ன?

இரும்புக்கதவு:
கூடாது. பணம் வந்த நேரத்துக்கும் சொற்களை எழுதும் நேரத்துக்கும் நடுவில் கைபேசி தொலைந்தால் அந்தப் பணத்தை யாராலும் மீட்டுத் தர முடியாது. வங்கியைப் போல அடையாளம் காட்டிக் கேட்க ஆளில்லை.

அதைவிட அடிப்படையான ஆட்சேபம் எனக்கு உண்டு. பயனர்களிடம் கற்கிறோம் என்கிறீர்கள். வாலட்டில் உயிர்போகும் குறைகள் பயனரின் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. 2013 ஆகஸ்டில் யாராலும் ஊகிக்க முடியாதபடி எண்களைத் தர வேண்டிய ஆண்ட்ராய்டின் தற்போக்கு எண் உருவாக்கத்தில் இருந்த குறையால் பல வாலட்களிலிருந்து பணம் திருடுபோனது. 2023இல் மில்க் சேட் என்ற பெயரில் வெளிவந்த குறை இன்னும் மோசம். லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற வாலட் கருவியின் 3ஆம் வரிசைப் பதிப்புகள், எவ்வளவு நீளமான சாவி கேட்டாலும் அதை 32 பிட் தற்போக்கிலிருந்தே உருவாக்கின. மொத்தமே சுமார் 429 கோடி சாத்தியங்கள். ஒரு சாதாரணக் கணினி முயன்று முடித்துவிடக்கூடிய அளவு. சொற்கள் ஒழுங்காக வந்தன, முகவரி வந்தது, பணமும் வந்தது. யார் புகார் சொல்லியிருக்க முடியும்? முதலில் குறியீட்டை வெளியார் ஒருவரிடம் தணிக்கைக்குக் கொடுங்கள். அது முடியும்வரை நிஜப் பணம் வேண்டாம்.

வெண்பலகை:
தணிக்கை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தணிக்கையாளர் காணாத ஒரு பக்கம் இருக்கிறது. 1999இல் விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் பிஜிபி 5.0 மறையாக்க மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து 90 நிமிடம் அவகாசம் தந்தார்கள். மென்பொருளின் கணிதத்தில் குறையில்லை. ஆனாலும் செய்தியைச் சரியாக மறையாக்கிக் கையொப்பமிட்டு அனுப்ப மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது. மூன்று பேர் ரகசியத்தை அப்படியே திறந்த மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். எந்தத் தணிக்கை அறிக்கை இதைச் சொல்லியிருக்கும்? சாவி எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், அதை வைத்திருப்பவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது புரியவில்லை என்றால் பணம் போவது போவதுதான்.

இரும்புக்கதவு:
நீங்கள் சொன்ன ஆய்வே என் பக்கம்தான் நிற்கிறது. அதில் கலந்துகொண்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது கற்பனையான தேர்தல் பிரச்சாரச் சூழல். நிஜ ரகசியம் எதுவும் அங்கே இல்லை, யாரும் எதையும் இழக்கவில்லை. பாடம் மட்டும் கிடைத்தது. வாலட்டுக்கும் அப்படிச் செய்யலாமே?

வெண்பலகை:
சில பாடங்களுக்குச் செய்யலாம், எல்லாவற்றுக்கும் முடியாது. சிக்நெட் காசு இலவசம். அதில் யாரும் கட்டணத்தைப் பற்றி யோசிப்பதில்லை, பரிவர்த்தனை தாமதமானால் பதறுவதும் இல்லை. 2024 ஏப்ரலில் பிளாக் உருவாக்குவோருக்கான பரிசு பாதியாகும் நான்காவது பாதியாக்கம் நடந்த நாளில், பிட்காயின் மீதே டோக்கன் உருவாக்கும் ரூன்ஸ் அறிமுகமாகி, கட்டணம் எந்த உயரத்துக்குப் போனது என்பது நினைவிருக்கும். அந்த நெரிசலில் ஒருவர் என்ன செய்வார், எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பதை விலையில்லாக் காசை வைத்து அறிய முடியாது. நெய்தல் சொன்னதையே பாருங்கள்: "பணம் எங்கே" என்ற கேள்வி நிஜப் பணத்தோடுதான் வந்திருக்கிறது. இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகை, முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்ட அபாயம், அதை ஏற்றுக்கொண்ட ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் இதில் தவறில்லை என்பது என் நிலை.

தனிவழி:
நடுவில் ஒரு கேள்வி. திரை வந்ததும் மூடிவிடுகிறார்கள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? செயலி பயன்பாட்டுப் பதிவை உங்களுக்கு அனுப்புகிறதா? வாலட்டின் விரிவாக்கப் பொதுச்சாவி உங்கள் சர்வருக்கு வந்தால், அந்தப் பயனரின் பழைய முகவரிகள், இனி வரப்போகும் முகவரிகள் எல்லாமே உங்கள் கையில். 2020இல் வன்பொருள் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல் கசிந்தது. சுமார் 10 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள். சுமார் 2,70,000 பேருக்கு வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் சேர்த்து. அவர்களுடைய சாவிகள் பத்திரமாகவே இருந்தன, ஆனால் அந்தப் பட்டியலை வைத்து மோசடிக்காரர்கள் விடாமல் துரத்தினார்கள். கற்கிறோம் என்ற பெயரில் சேகரிக்கும் தகவலே நாளை ஆயுதமாகும்.

நெய்தல்:
செயலி எந்தப் பதிவும் அனுப்புவதில்லை. பயனர்கள் தாமாக எழுதியதும், கேட்டபோது சொன்னதும்தான். இருப்பு விவரத்துக்குச் சுருக்கப் பிளாக் வடிகட்டிகளைப் பயன்படுத்துகிறோம்; எந்தப் பிளாக்கில் தன் பரிவர்த்தனை இருக்கிறது என்று கைபேசியே பார்த்துக்கொள்ளும். அதாவது பிப் (பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவு) 157, 158. அதனால் முகவரிகள் எந்த சர்வருக்கும் போவதில்லை. முதல் ஒத்திசைவு மெதுவாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராகவே இதைத் தேர்ந்தெடுத்தோம்.

தனிவழி:
அப்படியென்றால் மகிழ்ச்சி. இதை மாற்றிவிடாதீர்கள்.

முதல்வரிசை:
அழைப்பு பெற்றவர்களில் நானும் ஒருவன். அந்தத் திரையை மூடியவர்களில் நானும் உண்டு, காரணத்தைச் சொல்கிறேன். செயலியைத் திறந்த கணமே காகிதமும் பேனாவும் எடு என்கிறது. உள்ளே ஒரு சடோஷிகூட (பிட்காயினின் மிகச் சிறிய அலகு) இல்லை. எதைப் பாதுகாக்கச் சொல்கிறது என்றே தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து எழுதிவைத்தேன். ஆனால் இன்றுவரை என்னை உறுத்துவது வேறு: அந்தக் காகிதம் வேலை செய்யுமா? செயலி இரண்டு மூன்று சொற்களைக் கேட்டுச் சரிபார்த்ததோடு சரி. கைபேசி கெட்டுப்போகும் நாளில்தான் எனக்கு விடை தெரியும்.

இரும்புக்கதவு:
இதுதான் நான் இவ்வளவு நேரம் தேடிக்கொண்டிருந்த புள்ளி. நன்றி, நண்பரே.

ஸ்கிரீன்ஷாட் தடைக்குக் காரணம் உண்டு. 2025 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்த ஸ்பார்க்கேட் என்ற தீம்பொருள், அதிகாரபூர்வ ஆப் ஸ்டோர்களிலேயே சில செயலிகளுக்குள் ஒளிந்திருந்து, புகைப்படத் தொகுப்பில் மீட்புச் சொற்களைத் தேடிப் படித்தது. அதைத் திரையில் ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் காகிதத்தைப் பற்றிய சந்தேகம் முற்றிலும் நியாயம். 12 சொற்களில் சரிபார்ப்புக்கு ஒதுக்கப்பட்டது 4 பிட் மட்டுமே. ஒரு சொல்லை, மீட்புச் சொற்கள் எடுக்கப்படும் நிலையான பட்டியலில் உள்ள வேறொரு சொல்லாகத் தவறி எழுதியிருந்தால், 16இல் ஒரு வாய்ப்பில் அதுவும் செல்லுபடியாகி, காலியான வேறொரு வாலட் திறக்கும். பயனர் என்ன நினைப்பார்? பணம் திருடுபோய்விட்டது என்று. சொற்கள் சரியாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. ஒரே சொற்களிலிருந்து முகவரி உருவாக்கும் வழிகள் பல; வேறு செயலியில் போட்டால் அது பிப் 44 வழியில் தேடலாம், உங்களுடையது பிப் 84 வழியில் முகவரி உருவாக்கியிருக்கலாம். இருப்பு பூஜ்யம் என்று காட்டும். தொடர்ந்து 20 முகவரிகள் பயன்படாமல் கிடந்தால் தேடலையே நிறுத்திவிடும் வாலட்களும் உண்டு.

முதல் பயனர்களிடம் எதையாவது சோதிக்க வேண்டுமென்றால் மீட்பைச் சோதியுங்கள். பணம் பெறுவது எல்லா வாலட்டிலும் எளிதாகத்தான் இருக்கும். புகார் வரவில்லை என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்: சொற்களைத் தவறாக எழுதியவர் இன்று மகிழ்ச்சியான பயனர்தான்.

வெண்பலகை:
இதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: செயலியை நீக்கிவிட்டு மீட்கச் சொல்லக் கூடாது, இரண்டாவது கைபேசியில் செய்யச் சொல்லுங்கள். முதல் பெறும் முகவரி இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டால் போதும். வேறொரு வாலட்டிலும் ஒருமுறை முயலட்டும். நாளை நெய்தலின் குழுவே கலைந்தாலும் அவர்கள் பணம் அவர்களிடம் இருக்க வேண்டுமே. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதானால் அதற்கு மட்டும் சிக்நெட் சொற்கள். நிஜச் சொற்கள் தெரியும் திரையை யாரும் பார்க்கக் கூடாது.

நெய்தல்:
ஏற்கிறோம். முகவரிப் பாதைகளை வெளிப்படையாக எழுதி வைக்கிறோம். சொற்களை எழுதும் முன் பெறும் தொகைக்கு ஒரு சிறு வரம்பு வைத்தால் இரு தரப்புக்கும் பொருந்துமா?

இரும்புக்கதவு:
எப்படி வைப்பீர்கள்? முகவரி வெளியே போன பிறகு அதற்கு எவ்வளவு வரும் என்பதை எந்த வாலட்டாலும் தடுக்க முடியாது. எச்சரிக்கை காட்டலாம், அவ்வளவுதான். சொற்களை எழுதிய பிறகே முகவரி காட்டுங்கள்.

வெண்பலகை:
கட்டாயப்படுத்தினால் ஏதோ ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கிவிட்டுக் கடந்துபோவார்கள். முதல்வரிசை சொன்னதைக் கேட்டீர்களா? இழக்க ஒன்று இருக்கும்போதுதான் மனிதர் கவனமாக எழுதுகிறார். எச்சரிக்கை போதும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

நெய்தல்:
தணிக்கை முடியும்வரை புதிதாக யாரையும் அழைக்கப் போவதில்லை. அதுவரை முகவரிக்கு முன் சொற்கள் என்ற வரிசையே தொடரும், காரணங்களைத் திரையில் விளக்கிவிட்டு. இரண்டாவது கைபேசி மீட்பை அடுத்த பதிப்பில் எல்லோரிடமும் கேட்கிறோம்; அதில் தெரிவதை வைத்து வெண்பலகையின் வாதத்தை மறுபடி எடுத்துக்கொள்வோம்.

இரும்புக்கதவு:
தணிக்கை அறிக்கையை முழுமையாக வெளியிடுவீர்களா?

நெய்தல்:
வெளியிடுவோம், சரிசெய்யாமல் விட்டவற்றையும் சேர்த்து.