கிரூனவால்ட் 17-ஆம் பிளாட்பாரம்: போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்களேன்

ஊர்சுற்றி (பெர்லின்):
ரயில்களுக்கு டைம்டேபிள் போடும் மென்பொருளில்தான் எனக்கு வேலை. போன குளிர்காலத்தில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட ஜெர்மன் சக ஊழியர் ஒருவரோடு எஸ்7 புறநகர் ரயில் பிடித்து கிரூனவால்ட் ஸ்டேஷன் போனேன். இரண்டாம் உலகப் போரின்போது பெர்லின் யூதர்களை நாஜிகள் முகாம்களுக்கு ரயிலேற்றிய இடம், இப்போது நினைவிடம். 17-ஆம் பிளாட்பாரத்துக்கு இப்போது வண்டி வருவதில்லை, தண்டவாளத்துக்கு நடுவே மரம் முளைத்துவிட்டது. ஓரம் நெடுக 186 எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை யூதர்கள், எங்கிருந்து எங்கே என்பது மட்டும்தான். முதல் தேதி 18.10.1941. கடைசித் தகட்டில் 27.3.1945, 18 பேர், தெரசியன்ஸ்டாட் முகாம். சோவியத் செம்படை பெர்லினுக்குக் கிழக்கே ஓடர் ஆற்றுக்கு வந்துவிட்ட பிறகும் அந்த 18 பேரை அனுப்ப நேரமும் ஆளும் இருந்திருக்கிறது.

"எஞ்சின் டிரைவருக்கு என்ன தெரிந்திருக்கும், பாவம்" என்றார் கூட வந்தவர். டிரைவரை விடுங்கள். ஒரு சிறப்பு ரயில் ஓட வேண்டுமானால் எத்தனை மேஜை தாண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். வழித்தடத்தில் இடைவெளி பார்க்கணும், எஞ்சின் ஒதுக்கணும், ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உத்தரவு போகணும், காலிப் பெட்டித் தொடர் எப்போது திரும்பும், அடுத்து எங்கே போகும் என்று எழுதணும். ஆள் நிறைய ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குப் போன வண்டி காலியாகத் திரும்புவதை அட்டவணை போட்டவனே எழுதியிருக்கிறான். அவனுக்கா தெரியாது?

கட்டண விவரம் இன்னும் மோசம். மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு 4 ஃபெனிக் (ஜெர்மன் காசு). 10 வயதுக்குக் கீழே அரை டிக்கெட், 4 வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்குக் குறையாமல் இருந்தால் குழுச் சலுகை, பாதிக் கட்டணம். யூதர்களுக்கு ஒரு வழிக் கட்டணம், காவலுக்குப் போனவர்களுக்குப் போக வர. பில், யூதர்களை அனுப்பும் வேலையைக் கவனித்த நாஜி அதிகாரி ஐக்மன் வேலை பார்த்த பாதுகாப்புத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். வெறுப்பே இல்லாத ஒரு குமாஸ்தாகூட இதைச் செய்து முடித்துவிடலாம். எனக்கு உறுத்துவது அதுதான்.

மழைக்காகம் (குரோனிங்கன்):
எனக்கு இங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம் பக்கம். நெதர்லாந்து யூதர்களைச் சேர்த்து வைத்து வெளியே அனுப்பிய இடம். தண்டவாளத்தின் நுனியை வானத்தைப் பார்த்து வளைத்து நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். 1942 ஜூலையிலிருந்து அந்த முகாமிலிருந்து வண்டி போனது, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். டச்சு ரயில்வேதான் ஓட்டியது, காசும் வாங்கியது.

இங்கே சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்கள் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்." செய்தார்கள்தான், 1944 செப்டம்பர் 17-இல். நேச நாட்டுப் படைகளுக்கு உதவ லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த டச்சு அரசு கேட்டுக்கொண்டது. டைரி எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் போன ஆஷ்விட்ஸ் வண்டி கிளம்பியது அதே மாதம் 3-ஆம் தேதி. அதற்கு முன் இரண்டு வருஷம் யாரும் வேலையை நிறுத்தவில்லை. நிறுவனம் 2005-இல் மன்னிப்புக் கேட்டது. உயிர் தப்பியவர்களுக்கு ஆளுக்கு 15,000 யூரோ என்று முடிவானது 2019-இல். அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பார்கள்!

பழைய பேப்பர்:
ஊர்சுற்றி, குமாஸ்தாவோடு நிறுத்திவிடாதீர்கள், மேலே இருந்தவர்களையும் பாருங்கள். ஆல்பர்ட் கான்சன்முல்லர், போக்குவரத்து அமைச்சகச் செயலர், ஜெர்மன் அரசு ரயில்வேயான ரைக்ஸ்பானின் துணைத் தலைவர். 1942 ஜூலை 28-இல் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லரின் ஆளான கார்ல் வோல்ஃபுக்கு ஒரு கடிதம் போட்டார்: 22-ஆம் தேதியிலிருந்து வார்சாவில் இருந்து ட்ரெப்ளிங்காவுக்குத் தினமும் ஒரு வண்டி, 5,000 யூதர்கள். வோல்ஃப் மகிழ்ச்சி தெரிவித்து நன்றிக் கடிதம் அனுப்பினார். இது கீழ்மட்ட எழுத்தர் வேலை இல்லை.

ஊர்சுற்றி:
சரிதான், அவரை விட்டுவிட்டேன். தண்டனை கிடைத்ததா?

பழைய பேப்பர்:
எங்கே? போருக்குப் பிறகு அர்ஜென்டினா போய்விட்டு 1955-இல் திரும்பி வந்தார். 1973-இல் டூசல்டார்ஃபில் வழக்கு ஆரம்பித்தது. சில நாளிலேயே மாரடைப்பு, விசாரணை நின்றது. 1977-இல் வழக்கையே முடித்துவிட்டார்கள். மனிதர் 1996 வரை இருந்தார்.