பைபர் வள்ள வேலையால் வரும் கடியா, சிரங்கா?

கேள்வி:
என் கணவர் கிண்ணியாவில் பைபர் வள்ளம் கட்டும் பட்டறையொன்றில் வேலை செய்கிறார். இரண்டு மாதமாக அவருடைய முன்கைகளிலும் கழுத்திலும் சாரம் உடுக்கும் இடுப்பிலும் சிவந்த சிறு பருக்கள் எழும்பி, உறங்கவிடாமல் கடிக்கின்றன. சிரங்கு என்று சொல்லி 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் இரு தடவை பூசியும் பயனில்லை. இப்போது மகளுக்கும் கடிப்பதால், அயலவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கள் வளவுக்கு விடுவதில்லை. ஆனால் பெருநாளுக்குப் பட்டறை மூடியிருந்த கிழமை அவருக்குக் கடி அநேகமாக நின்றிருந்தது. இது சிரங்குதானா?

பதில் 1:
தங்கச்சி, நான் சீனக்குடாப் பக்கம் 14 வருடம் இதே வேலை செய்தவன். இறுகிய வள்ளத்தின் விளிம்பைக் கிரைண்டரால் தேய்க்கும்போது பறக்கும் தூள், வியர்த்த கழுத்திலும் இடுப்புக் கட்டிலும் ஒட்டி, துணி உரச உரச உள்ளே குத்தும். புதியவர்களுக்கே இது கடுமை. பலருக்குச் சில கிழமைகளில் தோல் பழகிவிடும். அவரை அண்மையில்தான் கிரைண்டர் வேலைக்கு மாற்றினார்களா?

பதில் 2:
நான் தோல் நோய் வைத்தியர். நேரில் பாராமல் முடிவு சொல்ல இயலாது. எனினும் லீவில் கடி தணிந்தது முக்கியமான தடயம், ஏனெனில் சிரங்குப் பூச்சி லீவு எடுப்பதில்லை. சிரங்கென்றால் விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பூச்சி குடைந்த, சில மில்லிமீற்றர் நீளமான வளைகள் தென்படும். பைபர் தூளிலுள்ள கண்ணாடியிழையோ, விட்டம் ஏறத்தாழ 5 மைக்ரோனுக்கு (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) மேற்பட்டால் தோலைக் குத்தி அதே போன்ற பருக்களை எழுப்பும். ஒட்டும் நாடாவைத் தோலில் அழுத்தி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இழைகள் தெரியும். மகளின் உடுப்பை அவருடைய உடுப்போடு சேர்த்துத் துவைக்கிறீர்களா? அவ்வழியாக இழைகள் பிள்ளைக்கும் போகும், வீட்டுக்குள் நோய் தொற்றியதுபோலத் தோன்றும். இழைகளை இறுக்கும் ரெசின் பசையோடு சேர்க்கும் கோபால்ற்று என்ற உலோகச் சேர்வையாலும் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், தேவையானால் சந்தேகப் பொருட்களை 48 மணி நேரம் முதுகில் ஒட்டிவைக்கும் பரிசோதனையும் செய்யலாம். அவர் தோல் கிளினிக்குக்குப் போய்த் தன் தொழிலை முதல் வார்த்தையாகச் சொல்லட்டும்; அதைக் கேளாமல் களிம்பு எழுதுவது எங்கள் பக்கத்துத் தவறு. அதுவரை முழுக்கைச் சட்டை அணிந்து, வேலை முடிந்ததும் தேய்க்காமல் ஓடும் நீரில் கழுவட்டும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. கிரைண்டர் வேலைக்கு மாற்றி இரண்டு மாதம்தான். உடுப்புகளையும் இதுவரை ஒன்றாகவே துவைத்தேன். இன்று காலை அவருடைய சாரத்தைத் தனி வாளியில் அலசி, நீரை ஊற்றிவிட்டு வெயிலில் சரித்துப் பார்த்தேன். அடியில் மயிரிலும் மெல்லிய துண்டுகள் மினுங்கின. அவற்றை நாடாவில் ஒட்டி எடுத்து வைத்திருக்கிறேன், கிளினிக்குக்குக் கொண்டுபோவோம்.