ஃபாமிட்ராக்கரில் 7/8, ஒரு பீட்டுக்குள் ஐந்து நோட், சேனலுக்கொரு தாளம்: எப்படி அமைப்பது?

முக்கோண_அலை கேட்டது:

ஃபாமிட்ராக்கர்ல (என்இஎஸ் கேம் கன்சோல் ஒலிக்கு வரி வரியா இசை எழுதற டிராக்கர் மென்பொருள்) ஒரு துண்டு போட்டுட்டு இருக்கேன். என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் டிவி முறை), வேகம் 6, டெம்போ 150, பேட்டர்னுக்கு (ஒரு சேனலோட வரித் தொகுதி) 64 வரி. தாளம் 7/8, உள்ளுக்குள்ள 3+2+2 பிரிவு. ஒரு எய்த் நோட்டுக்கு 2 வரி வெச்சிருக்கேன். மூணு இடத்துல நிக்குது.

ஒண்ணு: ஒரு பார் 14 வரிங்கிறதால 14-ன்னு எண் போட்ட வரியில டி00 (அடுத்த பேட்டர்னுக்குத் தாவச் சொல்ற கட்டளை) வெச்சேன். ஒவ்வொரு பார் முடிவுலயும் ஒரு கால் இடறுது.

ரெண்டு: ஒரே பீட்டுக்குள்ள சமமா அஞ்சு நோட் வேணும், அதாவது கண்ட நடை. 4 வரியில 5 நோட் அடங்கல. அந்த இடத்துல வேகத்தை மாத்தினா ஹைஹேட்டும் சேர்ந்து இழுபடுது.

மூணு: பல்ஸ் 1 சேனல் மட்டும் 7/8-ல ஓடணும், நாய்ஸ் சேனல் 4/4-லயே இருக்கணும். பேட்டர்ன் நீளம் எல்லா சேனலுக்கும் பொது. இதுக்கு எல்எஸ்டிஜே (கேம் பாய் டிராக்கர்), ஃபர்னஸ் (பல சிப்களுக்கான டிராக்கர்) மாதிரி ஒண்ணுக்கு மாறித்தான் ஆகணுமா?

---

டிக்_கணக்கு பதில்:

முதல் கேள்வி எண்ணிக்கைப் பிரச்சினைதான். வரிகள் 0-விலிருந்து தொடங்குகின்றன. டி கட்டளை இருக்கும் வரி முழுதாக ஒலித்த பிறகுதான் தாவல் நடக்கும். ஆக 14-ஆம் எண் வரியில் வைத்தால் 15 வரி ஓடும். டி00 இருக்க வேண்டிய இடம் 13, ஹெக்ஸில் (16-அடிமான எண் முறை) 0டி. வரி எண்கள் ஹெக்ஸில் தெரிகிறதா டெசிமலில் தெரிகிறதா என்பதை அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் பாதி அங்கிருந்தே வருகிறது.

ஆனால் பாட்டு முழுக்க 7/8 என்றால் டி கட்டளையே வேண்டாம். வரி எண்ணிக்கையை 56 ஆக்குங்கள், நான்கு பார் சரியாக உட்காரும். பார் தொடங்கும் வரிகள் 0, 14, 28, 42. வரிகளை நிறம் மாற்றிக் காட்டும் ஹைலைட்டை முதலாவது 2, இரண்டாவது 14 என்று வையுங்கள். 3+2+2 அழுத்தம் விழுவது 0, 6, 10-ஆம் வரிகளில். கிக்கை 0-விலும் ஸ்னேரை 6, 10-லும் வைத்துவிட்டால் பிரிவு காதில் உடனே பிடிபடும்.

நடுவில் ஒரு பார் மட்டும் நீளம் மாறுகிறதா? அங்கேதான் டி. வரி எண்ணிக்கையை மிக நீளமான பகுதிக்கு ஏற்ப வைத்து, குறுகியதை டி-யால் வெட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: டி கட்டளை பேட்டர்னுக்குள் வாழ்கிறது. பல்ஸ் 1-இன் பேட்டர்ன் 03-இல் அதை எழுதிவிட்டு, அதே 03-ஐ ஒரு 4/4 பகுதியில் மறுபடி பயன்படுத்தினால் அங்கும் வெட்டும், அதுவும் எல்லா சேனலையும் சேர்த்து. டிபிசிஎம் (சாம்பிள்களுக்கான) சேனலில் ஒலி எதுவும் இல்லையென்றால் டி கட்டளையையும் வேகத்தை மாற்றும் எஃப் கட்டளையையும் அங்கே மட்டும் எழுதுங்கள். வேகமும் நீளமும் ஒரே பத்தியில் தெரியும், தேட வேண்டியிருக்காது.

---

நாய்ஸ்_பிரியன் பதில்:

ரெண்டாவது கேள்விக்கு வரி கணக்கை விட்டுட்டு டிக் (டிராக்கர் நேரத்தை எண்ணற மிகச் சின்ன அலகு) கணக்குல யோசிங்க. என்டிஎஸ்சி-ல விநாடிக்கு 60 டிக். வேகம் 6-ன்னா ஒரு வரிக்கு 6 டிக், ஒரு பீட் 24 டிக். டெம்போவை 150-லயே விடுங்க. அதை மாத்தினா வரிக்கு வரி டிக் எண்ணிக்கை ஏறி இறங்கும், கீழே சொல்ற எந்தக் கணக்கும் நிக்காது.

மூணு நோட்டுன்னா சுலபம். 24-ஐ மூணால வகுத்தா 8. நோட்டு விழ வேண்டிய டிக் 0, 8, 16. ஜி கட்டளை நோட்டை அத்தனை டிக் தள்ளிப் போடும். அதனால வரி 0-ல வெறும் நோட்டு, வரி 1-ல ஜி02, வரி 2-ல ஜி04, வரி 3 காலி. ஜி-யோட எண் எப்பவும் வேகத்தைவிடக் கம்மியா இருக்கணும்.

அஞ்சுல சிக்கல் ரெண்டு. 24 அஞ்சால வகுபடாது. தோராயமா 0, 5, 10, 14, 19-ன்னு எடுத்தாலும் 0-வும் 5-ம் ஒரே வரிக்குள்ள விழுது, ஒரு வரியில ஒரு சேனலுக்கு ஒரு நோட்டுதான். இதுக்கு வழி ரெண்டு.

முதல் வழி, அந்த பீட்டுக்கு 4 வரிக்குப் பதிலா 5 வரி எடுங்க. முதல் வரியில எஃப்05, அஞ்சாவது வரியில எஃப்04. 5+5+5+5+4, மொத்தம் 24. அடுத்த பீட்டோட முதல் வரியில எஃப்06 போட்டே ஆகணும், இல்லேன்னா மிச்சப் பாட்டு முழுக்க 4-லயே ஓடும். அந்தப் பேட்டர்னுக்கு ஒரு வரி கூடும். இழுபடற ஹைஹேட்டை ஜி-யால இழுத்துப் பிடிக்கலாம்: சிக்ஸ்டீன்த் அடிக்க வேண்டிய டிக் 0, 6, 12, 18. புது வரிகள் தொடங்கறது 0, 5, 10, 15, 20. ஆக வரி 1-ல ஜி01, வரி 2-ல ஜி02, வரி 3-ல ஜி03, வரி 4 காலி. இப்ப ஹைஹேட் பழைய இடத்துலயே நிக்கும், மெலடி மட்டும் அஞ்சா பிரியும்.

கடைசி நோட்டு ஒரு டிக், அதாவது சுமார் 16.7 மில்லிவிநாடி குறையுது. நீளமான மெலடியில இது தெரியாது. நாய்ஸ்ல வெட்டு வெட்டா அடிச்சா தெரியும்.

துண்டு முழுக்க அஞ்சு வந்து வந்து போகுதுன்னா ரெண்டாவது வழி: பீட்டோட டிக் எண்ணிக்கையையே மாத்துங்க. 30 டிக் பீட் எடுத்தா 3600-ஐ 30-ஆல வகுத்து நிமிஷத்துக்கு 120 பீட். 30 ரெண்டாலயும் மூணாலயும் அஞ்சாலயும் வகுபடும். வேகம் 3, பீட்டுக்கு 10 வரி. அஞ்சு நோட்டும் 0, 2, 4, 6, 8 வரிகள்ல ஜி இல்லாமலே உக்காரும். மூணு நோட்டுக்கு வரி 0, வரி 3-ல ஜி01, வரி 6-ல ஜி02. சிக்ஸ்டீன்த் மட்டும் ஏழரை டிக் வரும். வரி 2-லயும் வரி 7-லயும் ஜி02 போட்டு 8, 7, 8, 7-ன்னு விட்டுடலாம். ஏழு நோட்டு, அதாவது மிஸ்ர நடை வேணும்னா 28 டிக் பீட், நோட்டுக்கு 4 டிக்.

---

முக்கோண_அலை:

30 டிக் வழியை எடுத்துக்கறேன். அப்ப 7/8 பார் 35 வரி, 4/4 பார் 40 வரி. இந்த ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு ஓட்டினா எங்க சேரும்?

---

டிக்_கணக்கு பதில்:

35-க்கும் 40-க்கும் பொது மடங்கு 280. பேட்டர்ன் உச்ச வரம்பு 256 வரி, அதனால் ஒரே பேட்டர்னில் அடங்காது. பாதியாக்குங்கள்: 140 வரி. பல்ஸ் 1-க்கு அது சரியாக நான்கு பார், ஆகவே ஒரே பேட்டர்னை இரண்டு ஃபிரேமிலும் (எல்லா சேனலின் பேட்டர்ன்களும் சேர்ந்து ஓடும் ஒரு பகுதி) போடலாம். நாய்ஸுக்கு 140 என்பது மூன்றரை பார். அதற்கு இரண்டு தனிப் பேட்டர்ன் வேண்டும், இரண்டாவது பார் நடுவிலிருந்து தொடங்கும். அதன் முழு பார்கள் தொடங்கும் வரிகள் 20, 60, 100. ஃபிரேம் பட்டியலில் பல்ஸ் 1-க்கு 00, 00 என்றும் நாய்ஸுக்கு 00, 01 என்றும் எழுதினால் போதும்.

இதற்காக மென்பொருள் மாற வேண்டியதில்லை. ஃபர்னஸிலும் பேட்டர்ன் நீளம் எல்லா சேனலுக்கும் பொதுதான், 256 வரம்பும் அதேதான். கணக்கு அப்படியே பொருந்தும்.

---

படி_பதினாறு பதில்:

சேனல்கள் தனித்தனியாக ஓடுவதே பாட்டின் மையம் என்றால் எல்எஸ்டிஜே நிஜமாகவே வசதி. அங்கே ஒவ்வொரு சேனலும் தன் செயினை, அதாவது ஃப்ரேஸ்களின் வரிசையை, தானே நகர்த்திக்கொண்டு போகும். ஒரு ஃப்ரேஸ் (சிறு நோட்டுத் தொகுதி) 16 படி. எச்00 கட்டளை வைத்தால் அடுத்த ஃப்ரேஸுக்குத் தாவும், அந்தச் சேனல் மட்டும்.

இங்கே எண்ணிக்கை ஃபாமிட்ராக்கருக்கு நேர் எதிர். எச் இருக்கும் படி ஒலிக்காது, உடனே தாவிவிடும். 12 படிக்கு எச்00-ஐ சி-யில் (ஹெக்ஸில் 12) வைக்க வேண்டும், 14 படிக்கு இ-யில் (14). ஃபாமிட்ராக்கர் பழக்கத்தில் டி-யில் (13) வைத்தால் 13 படிதான் கிடைக்கும்.

பல்ஸ் 1 செயினில் 14 படி ஃப்ரேஸ் எட்டு, நாய்ஸ் செயினில் 16 படி ஃப்ரேஸ் ஏழு. இரண்டும் 112 படி. செயின்களின் மொத்தத்தை இப்படிச் சமமாக வையுங்கள். இல்லையென்றால் பாட்டை நடுவிலிருந்து ஓட்டிச் சோதிக்கும்போது எல்லா சேனலும் அந்த வரியின் செயின் தொடக்கத்திலிருந்து கிளம்பும், முதலிலிருந்து கேட்டால் வரும் பிணைப்பு அதில் வராது. தவறு இல்லாத இடத்தில் தவறு தேடி நேரம் போகும்.

30 டிக் பீட்டை எல்எஸ்டிஜே-யிலும் எடுக்கலாம். க்ரூவ் (படிக்குப் படி மாறிவரும் டிக் எண்ணிக்கை) 8, 7 என்று இருந்தால் நான்கு படி 30 டிக். ஐந்து நோட் வரும் இடத்தில் க்ரூவ் 6, 6, பீட்டுக்கு ஐந்து படி. திரையில் காட்டும் டெம்போ படிக்கு 6 டிக் என்ற கணக்கில் வருவது, அதனால் 120 கேட்க வேண்டுமென்றால் 150 வையுங்கள்.

---

நாய்ஸ்_பிரியன் பதில்:

க்ரூவ் பேச்சு வந்ததால இதையும் சேர்த்துக்கறேன், ஒற்றைப்படை பார்ல இது எல்லாரையும் படுத்தும். ஸ்விங்குக்கு 7, 5-ன்னு க்ரூவ் வெச்சு, பார் 7/16 மாதிரி 7 வரியா இருந்தா, அடுத்த பார் 5-ல தொடங்கும். நீளமும் குறுகலும் பாருக்கு பார் தலைகீழாகும். அந்தத் தள்ளாட்டமே வேணும்னா விட்டுடுங்க. வேண்டாம்னா ஒவ்வொரு பாரோட முதல் வரியிலயும் க்ரூவை மறுபடி அழைங்க. ஃபர்னஸ்ல 0900, 0சிசி-ஃபாமிட்ராக்கர்ல (ஃபாமிட்ராக்கர்லேர்ந்து பிரிஞ்ச வடிவம்) ஓ00. ரெண்டுலயும் முதல் க்ரூவை ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கணும். ஃபர்னஸ்ல க்ரூவ் எதுவும் எழுதாம 09 கட்டளை கொடுத்தா அது வெறும் வேகத்தை மாத்தற கட்டளையாயிடும். மூல ஃபாமிட்ராக்கர்னா எஃப்07, எஃப்05-ன்னு வரிக்கு வரி கையால எழுதறதுதான்.

அழுத்தம் பத்தி ஒண்ணு. பல்ஸ்லயும் நாய்ஸ்லயும் வால்யூம் பத்தியில அழுத்தத்துக்கு 15, மத்ததுக்கு 9 போட்டாலே 3+2+2 துலங்கும். முக்கோண சேனலுக்கு வால்யூம் கிடையாது, ஒலிக்கும் இல்ல ஒலிக்காது. அங்க அழுத்தத்தை நீளத்தால காட்டணும். வேகம் 3, எய்த் நோட்டுக்கு 15 டிக்னு வெச்சா, அழுத்தமான நோட்டை முழுசா விடுங்க, மத்ததை வெட்டுங்க. நோட்டை வெட்டற எஸ் கட்டளையோட எண்ணும் வேகத்துக்குள்ள இருக்கட்டும்: நோட்டுக்கு அடுத்த ரெண்டாவது வரியில எஸ்01 போட்டா 7 டிக்ல அடங்கும். வரி 0, 15, 25-ல முழு நோட்டு, நடுவுல வர்றதெல்லாம் வெட்டு. பேஸ் லைன் தனியா கேட்டாலே எங்க மூணு, எங்க ரெண்டுன்னு தெரியணும். அது தெரியலேன்னா டிரம்ஸைக் கூட்டாம முதல்ல இந்த நீளங்களைத் திருத்துங்க.