மறுமொழி: சிலந்தியின் ஸ்பின்னரெட்டுக்கு 'இழைக்காம்பு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிலந்தி இழை விடும் உறுப்பான ஸ்பின்னரெட்டுக்கு (spinneret) தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு 'நூல்சுரப்பி', 'நூற்புறுப்பு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. முதலாவது பொருந்தாது. சுரப்பி வயிற்றுக்குள் இருக்கிறது. நாம் பெயர் தேடுவது வயிற்றின் கடைசியில் விரல்போல் அசையும் உறுப்புக்கு. பெரும்பாலான சிலந்திகளுக்கு அது 3 இணை.

'நூற்புறுப்பு' கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் நூற்பது என்றால் பஞ்சை முறுக்கி இழையாக்குவது. சிலந்தி எதையும் முறுக்குவதில்லை. சுரப்பியில் புரதம் திரவமாகக் கிடக்கிறது. குறுகிக்கொண்டே போகும் நாளத்தில் நீர் வற்றி, இழுபடும் விசையில் மூலக்கூறுகள் வரிசைப்பட்டு இறுகி இழையாகிறது. காலால் இழுக்க வேண்டும், இல்லையென்றால் எங்காவது ஒட்டிவிட்டு உடல் எடையால் தொங்க வேண்டும்.

அல்சூரில் எங்கள் மொட்டைமாடிக் கறிவேப்பிலைச் செடியில் ஆர்ஜியோப் (Argiope) என்ற வட்டவலைச் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. வெட்டுக்கிளி சிக்கியதும் வயிற்று நுனியை அதன் பக்கம் திருப்பி, கடைசிக் கால்கள் இரண்டாலும் மாற்றி மாற்றி இழுத்து வீசியது. வந்தது ஒற்றை நூல் அல்ல, அகலமான வெள்ளை நாடா! அந்த உறுப்புகளில் மயிர்போல் நிற்கும் நுண்குழல்கள் பலவும் ஒரே நேரத்தில் இழை விட்டதால் வந்த நாடா அது. பக்கத்தில் நின்ற என் மகள், "அம்மா, பால் கறக்குற மாதிரியே இழுக்குது" என்றாள். தெருக்கோடி மாட்டுக்கொட்டிலில் தினமும் பார்ப்பவள்.

மடி உள்ளே சுரக்கிறது, காம்பு வெளியே நிற்கிறது, கை பட்டால்தான் வருகிறது. அதனால் 'இழைக்காம்பு' என்கிறேன். நுண்குழல் 'இழைக்குழல்'. இலைக்காம்போடு குழம்பாதா என்றால், 'இழை' முன்னால் நிற்கிறதே, போதும். 'நூல்சுரப்பி'யை 'இழைச்சுரப்பி' என்று மாற்றி உள்ளே இருப்பவற்றுக்கே கொடுத்துவிடலாம். வட்டவலை பின்னும் பெண் சிலந்திக்கு அவை 7 வகை: தொங்கும் இழைக்கு ஒன்று, பசைக்கு ஒன்று, முட்டைப்பைக்கு ஒன்று என்று.

அப்புறம் இன்னொன்று. ஓசூர்ப் பக்கம் முள்வேலிகளில் கூட்டமாக வாழும் சிலந்திகளுக்கு இழைக்காம்புக்கு முன்னால் சல்லடைபோல் ஒரு தகடு உண்டு. அதில் வரும் மிக மெல்லிய இழைகளைக் கடைசிக் காலிலுள்ள முள்வரிசையால் வாரிப் பஞ்சாக்குகின்றன. பசையே இல்லாமல் பூச்சியின் கால் அதில் மாட்டிக்கொள்கிறது. தகட்டை 'இழைச்சல்லடை' எனலாம். அந்த முள்வரிசைக்கு 'பன்னுசீப்பு' என்று நினைக்கிறேன். பஞ்சு பன்னுதல் (பஞ்சை வாருவது) என்ற வழக்கு உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா? நெசவு, பஞ்சு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு