குளித்தும் போகாத முதுமை வாடை

கேள்வி: 70 வயதுக்காரர் தினமும் குளித்தும் காலரில், தலையணை உறையில் எண்ணெய்ச் சிக்கு வாடை நிற்கிறது. எந்தப் பழக்கத்தை மாற்றுவது?

பதில் 1: இது வியர்வை நாற்றமல்ல. தோலின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகி 2-நோனெனல் என்ற வாடைப்பொருள் உருவாகிறது. அக்குளோடு நிறுத்தாமல் காதுக்குப் பின்புறம், பிடரி, நெஞ்சு, முதுகு எல்லாம் சோப்புப் போடச் சொல்லுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், வயதான தோல் மெல்லியது.

பதில் 2: துணியைக் கவனியுங்கள். குளிர்ந்த நீரில் கொழுப்பு சரியாகப் போகாது. காலரில் திரவ டிடர்ஜென்ட் தடவி 30 நிமிடம் ஊறவிட்டு, துணி தாங்கினால் 60 டிகிரி நீரில் துவையுங்கள். துணி மென்மையாக்கி சேர்க்காதீர்கள். அதன் படலம் வாடையைப் பிடித்துவைக்கும்.

பதில் 3: பலர் சொல்லக் கூச்சப்படுவது சிறுநீர்ச் சொட்டு. கழித்தபின் சற்று நின்று, விதைப்பைக்குப் பின்னாலிருந்து விரலால் முன்னோக்கி மெல்ல அழுத்தினால் மீதி வெளியேறும். உள்ளாடை தினமும் மாறட்டும். மூச்சில் திடீரென்று பழவாடை வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள், சர்க்கரை மிக ஏறியிருக்கலாம்.