ஷீ-ஹல்க் இரண்டாம் தொகுதி சென்னையில் கிடைக்குமா?

சார்ல்ஸ் சோல் எழுதிய 2014 மார்வெல் சூப்பர் ஹீரோ காமிக்ஸான ஷீ-ஹல்க்கில் இரண்டாம் தொகுதி (இதழ் 7 முதல் 12 வரை) அச்சுப் பிரதியாக வேண்டும். ஆறு வாரமாகத் தேடுகிறேன்.

முதல் தொகுதி இருக்கிறது. ஷீ-ஹல்க்கான வழக்கறிஞர் ஜெனிபர் வால்டர்ஸ் ப்ரூக்ளினில் தனி அலுவலகம் திறக்கும் பக்கங்களை என் மகள் திரும்பத் திரும்பப் படித்து அட்டை ஓரமே பிரிந்துவிட்டது. சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எழுதியவரே வழக்கறிஞர் என்பதால் வாதங்கள் அத்தனை உயிரோட்டமாக இருக்கும். அடுத்த தொகுதியில்தான் ஸ்டீவ் ராஜர்ஸ் (கேப்டன் அமெரிக்கா) வழக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞராக மேட் மர்டாக் (டேர்டெவில்)!

ஆன்லைனில் இரண்டு முறை ஆர்டர் போட்டேன், இரண்டும் ரத்தாகிவிட்டன. அண்ணா சாலை, பழைய புத்தகக் கடைகள் எல்லாம் பார்த்தாயிற்று. பிறந்தநாள் பரிசு, அதனால் டிஜிட்டல் வேண்டாம்.

12 இதழும் சேர்ந்த முழுத் தொகுப்பானாலும் சரி, சென்னையில் எங்கே கிடைக்கும்?