மறு: அச்சுப்பொறி ‘முடக்கப்பட்டது’ என்பதை மாற்றுவோம்: ‘நிறுத்திவைப்பு’

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நாம் தமிழாக்கும் கணினித் திரைகளில், ஆங்கிலத்தில் ‘டிசேபிள்டு’ என்று வரும் இடமெல்லாம் ‘முடக்கப்பட்டது’ என்று போட்டுவைத்திருக்கிறோம். போட்டவர்களில் நானும் ஒருவன். அச்சுப்பொறியின் நிலையைச் சொல்லும் இடத்திலாவது அதை ‘நிறுத்திவைப்பு’ என்று மாற்றலாம் என போன வாரம் எழுதியிருந்தேன். வந்த மறுப்புகளுக்குப் போவதற்கு முன், எனக்கு இந்தச் சந்தேகம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பாவிடம் பழைய லேசர் அச்சுப்பொறி ஒன்று இருக்கிறது. லினக்ஸ் கணினியோடு பல ஆண்டுகளாக ஒழுங்காக ஓடியது. ஒருநாள் மேசையை நகர்த்தியபோது பின்னால் இருந்த கேபிள் கழன்றுவிட்டது. அது தெரியாமல் அச்சிடக் கொடுத்திருக்கிறார். வரவில்லை. கேபிளைக் கண்டுபிடித்துச் செருகிய பிறகும் வரவில்லை. திரையில் ‘அச்சுப்பொறி முடக்கப்பட்டது’ என்று நின்றது. எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, மெஷின் போய்விட்டது. முடங்கிவிட்டது என்று அதுவே சொல்கிறது.” சற்றுப் பொறுத்து, “ஆனால் யாரப்பா முடக்கியது? நான் ஒன்றும் செய்யவில்லையே” என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் கேபிளை மாற்றியிருந்தார், டோனரைக் கழற்றிக் குலுக்கிப் போட்டிருந்தார், கணினியை மூன்று முறை அணைத்து எழுப்பியிருந்தார். எதற்கும் அசையவில்லை, அசையாது. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் மென்பொருளான கப்ஸ், தன் அச்சு வரிசையின் நிலையைக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்கிறது. கணினியை எத்தனை முறை அணைத்தாலும் அந்தக் குறிப்பு அப்படியே இருக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில், அச்சு நிலையைக் காட்டும் ‘எல்பிஸ்டாட்’ கட்டளையை ‘-பி’ சேர்த்துக் கொடுத்தேன்: ‘டிசேபிள்டு’ என்றது. ‘-ஏ’ சேர்த்துக் கொடுத்தேன்: பணிகளை ஏற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னது. பிறகு நின்ற வரிசையை மீண்டும் ஓடவிடும் ‘கப்ஸ்இனேபிள்’ என்று ஒரே ஒரு கட்டளை. சில நொடிகள் மௌனம், உருளை சுழலும் சத்தம், அப்புறம் ஒரே கடிதம் ஏழு பிரதியாக மடை திறந்தாற்போல் வந்து விழுந்தது. பொறுமையிழந்து ஏழு முறை அச்சிடும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை. அச்சுப்பொறிக்குத் தரவை அனுப்ப முடியாமல் போனால் அந்த வரிசையை நிறுத்திவிடு, பணியைப் பத்திரமாக வைத்துக்கொள் என்பதே கப்ஸில் இயல்பாக இருக்கும் பிழைக்கொள்கை. அது தன் வேலையைச் செய்தது. சித்தப்பாவைக் குழப்பியது நாம் போட்ட சொல்.

இனி மறுப்புகள்.

> ‘முடக்கு’ என்பது நிலைபெற்ற சொல். ஒரு செருகுநிரலை முடக்குகிறோம், அறிவிப்பை முடக்குகிறோம். அச்சுப்பொறிக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

செருகுநிரலை முடக்குபவர் பயனரே. தான் செய்த செயல் என்பதால் சொல் கடுமையாக இருந்தாலும் பயமில்லை. அச்சுப்பொறி விஷயத்தில் பயனர் தொடாமலே இந்த நிலை வருகிறது. தொடாத பொருள் ‘முடங்கியது’ என்றால் தமிழில் ஒரே பொருள்தான்: போக்குவரத்து முடங்கியது, கை முடங்கியது. பழுது என்றே மனம் படிக்கும். பழைய இயந்திரம் வேறு. எப்போது போகும் என்று ஏற்கெனவே எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர் அந்தச் செய்தியை உடனே நம்பிவிடுவார்.

ஆங்கிலத்திலேயே இந்த நிலைக்கு ஒரே பெயர் இல்லை என்பதையும் பாருங்கள். இணைய அச்சு நெறிமுறையான ஐபிபி, அச்சுப்பொறிக்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறது: சும்மா இருப்பது, அச்சிட்டுக்கொண்டிருப்பது, நின்றிருப்பது. கப்ஸின் வலை இடைமுகம் இதே நிலையைத் தற்காலிக நிறுத்தமாகக் காட்டுகிறது. கட்டளை வரியில்தான் ‘டிசேபிள்’. அது சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்த பெயர். கட்டளைகளை வாங்கி இயக்கும் ‘பாஷ்’ என்ற நிரலில் ‘இனேபிள்’ என்று உள்கட்டளை இருந்ததால், மோதல் வராமலிருக்க முன்னால் ‘கப்ஸ்’ சேர்த்தார்கள். பெயருக்கு முன்னொட்டுப் போட்டார்கள், பெயரை மாற்றவில்லை. அந்தச் சொல்லைத்தான் நாம் நேராகத் தமிழாக்கி வைத்திருக்கிறோம்.

> அப்படியென்றால் ‘நிறுத்தப்பட்டது’ போதுமே. ஏன் ‘வைப்பு’ என்று வால்?

அந்த வாலில்தான் விஷயம் இருக்கிறது. ‘அச்சுப்பொறி நிறுத்தப்பட்டது’ என்றால் மின்விசையை அணைத்துவிட்டார்கள் என்று படிக்கலாம். ‘வை’ என்ற துணைவினை சேர்ந்ததும் பொருள் திரும்புகிறது. சம்பளத்தை நிறுத்திவைத்தார்கள் என்றால் சம்பளம் போய்விடவில்லை. யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறார், விடச் சொன்னால் வந்துவிடும். கப்ஸ் செய்வதும் அதுதான். காரணம், பணி பத்திரமாக இருப்பது, விடுவிக்க முடியும் என்பது மூன்றும் அந்த ஓரெழுத்து வினையில் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பொருத்தமாக ஒரு துணைவினையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் முடத்தைத் தேடிப் போனோம் என்று எனக்கே புரியவில்லை.

> ஆனால் ‘நிறுத்திவைக்கப்பட்டது’ என்று போட்டாலும் உங்கள் சித்தப்பா ‘யார் வைத்தது’ என்றுதான் கேட்பார்.

கேட்பார். இதை நான் யோசிக்கவில்லை, நன்றி அம்மா. செயப்பாட்டு வினையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நிலையைக் காட்டும் சிறு கட்டத்தில் ‘நிறுத்திவைப்பில்’ என்று மட்டும் போடலாம். ‘பரிசீலனையில்’, ‘விடுப்பில்’ என்று எழுதுகிறோம் அல்லவா, அதுபோல. விரிவான செய்தியில் செய்தவரையே சொல்லிவிடலாம்: ‘அச்சுப்பொறியோடு தொடர்புகொள்ள முடியாததால் கணினி இந்த வரிசையை நிறுத்திவைத்திருக்கிறது.’ இடம் கொஞ்சம் அதிகம் எடுக்கும். எடுக்கட்டும்.

> ‘ரிஜெக்ட்’ நிலையை என்ன செய்வது? அதுவும் இப்போது சில திரைகளில் முடக்கம் என்றே இருக்கிறது.

இருக்கிறது, அது தவறு. வரிசைக்கு இரண்டு வாய்கள். ஒன்று பணிகள் உள்ளே வரும் வாய், இன்னொன்று அச்சுப்பொறிக்குப் போகும் வாய். முதலாவதை ‘கப்ஸ்ரிஜெக்ட்’ அடைக்கிறது, இரண்டாவதை ‘கப்ஸ்டிசேபிள்’ அடைக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை. சித்தப்பாவுக்கு வந்தது உள்வாய் திறந்து வெளிவாய் அடைத்த நிலை. ஏழு பிரதிகளும் அப்படித்தான் சேர்ந்தன. குளத்துக்கு வரத்துக்கால், மடை என்று இரண்டு இருப்பதுபோல என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். விளக்குவதற்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது; உதவிப் பக்கத்தில் கட்டாயம் சேர்ப்போம். பொத்தானில் ‘மடையைத் திற’ என்று எழுதுவதற்கு மட்டும் எனக்குத் துணிவில்லை. உள்வாய்க்கு ‘ஏற்பு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம்: ‘புதிய பணிகளுக்கு ஏற்பு இல்லை’. ‘ஏற்க மறுக்கிறது’ என்றால் இயந்திரம் கோபித்துக்கொண்டதுபோல் இருக்கிறது.

> பணிகளை ‘ஹோல்டு’ செய்வதற்கு ஏற்கெனவே ‘நிறுத்திவை’ என்று சில இடங்களில் இருக்கிறது. மோதும்.

இதுதான் வந்தவற்றில் கனமான மறுப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். பணியை ‘ஹோல்டு’ செய்வதில் காலம் கலந்திருக்கிறது. அச்சிடக் கொடுக்கும் ‘எல்பி’ கட்டளையில் ‘-எச்’ கொடுத்து மணியையும் குறிப்பிட்டால் அந்த நேரம் வரை பணி காத்திருக்கும். (அந்த மணியை உலகப் பொது நேரத்தில் கொடுக்க வேண்டும். தெரியாமல் உள்ளூர் மணியைக் கொடுத்துவிட்டு, அச்சு ஏன் வரவில்லை என்று நான் ஒருநாள் விழித்திருக்கிறேன்.) காலம் கலந்த காத்திருப்புக்குத் தமிழில் ‘ஒத்திவை’ இருக்கிறது. நேரமே குறிப்பிடாமல் பிடித்துவைத்தால்? கூட்டத்தொடரைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பதைச் செய்தித்தாளில் படித்துத்தானே வருகிறோம். அதுவும் சரியாகவே பொருந்துகிறது. ஆக, பணியை ஒத்திவைப்போம், வரிசையை நிறுத்திவைப்போம்.

எதிர்ச்சொல்லுக்கு ‘செயல்படுத்து’ வேண்டாம். அது ஏதோ புதிதாக நிறுவுவதுபோல் ஒலிக்கிறது. ‘தொடரவிடு’ என்று எழுதிப் பார்த்தேன். நிறுத்திவை, தொடரவிடு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தான்களாக வைத்தால் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன. ‘விடுவி’ இன்னும் குறுகியது என்றாலும் ஒத்திவைத்த பணிக்கு அது தேவைப்படும் என்பதால் எடுத்துவைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த மாற்றங்களைச் செய்துவிட்டேன், இன்னும் பதிவேற்றவில்லை. மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். குறிப்பாக, சிறிய திரையில் ‘நிறுத்திவைப்பில்’ முழுதாகத் தெரிகிறதா, ‘நிறுத்தி…’ என்று வெட்டுப்படுகிறதா என்பதை யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது. வெட்டுப்பட்டால் ‘வை’ போய்விடும்.

‘வடிகட்டி தோல்வியுற்றது’ என்ற செய்தியை இந்த இழையில் இழுக்க வேண்டாம். கோப்பை அச்சுப்பொறிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் நிரலைத்தான் அங்கே வடிகட்டி என்கிறோம். சித்தப்பா அதைப் படித்துவிட்டு, இயந்திரத்தின் பின்மூடியைக் கழற்றி வடிகட்டி எங்கே இருக்கிறது என்று தேடியவர். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.